எலும்பொட்டிக்கு ஒரு விதை வங்கி: புதுச்சேரி, கடலூர்ப் பக்கத்துக்கான முழு வழிகாட்டி

ஐப்பசி, கார்த்திகையில் புதுச்சேரியிலோ கடலூரிலோ அடுப்படி உப்பு ஜாடியைத் திறந்தால், உப்பு கசிந்து ஓரமெல்லாம் நீர் கோத்திருக்கும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் உப்பு அப்படி இளகும். காகித உறையில் போட்டு அலமாரியில் வைத்த விதையும் அதே காற்றைத்தான் குடிக்கிறது. பார்வைக்கு அது காய்ந்த மாதிரியே இருக்கும். உள்ளே மெதுவாகச் செத்துக்கொண்டிருக்கும். விதை வங்கி என்றதும் பலரும் குளிர்பெட்டியைத்தான் நினைக்கிறார்கள். நம் கடற்கரையில் வேலை உலர்த்துவதில்தான் இருக்கிறது. குளிர் அப்புறம்.

இந்த வழிகாட்டிக்கு நான் எடுத்துக்கொண்ட செடி எலும்பொட்டி. காட்டு முருங்கை என்றும் சொல்வார்கள். தாவரவியலில் ஆர்மோகார்ப்பம் சென்னாய்டெஸ். பயறு வகைக் குடும்பத்தைச் சேர்ந்த புதர். ஆள் உயரமோ கொஞ்சம் கூடவோ வளரும். மஞ்சள் பூ, கணுக்கணுவாகப் பிரிந்த காய், இளங்கிளையிலும் காயிலும் பிசுபிசுப்பான மயிர். எலும்பு முறிவுக்குக் கட்டுப்போடும் வைத்தியர்கள் தேடுகிற மூலிகை. பெயரே அப்படி வந்ததுதான். தீபகற்ப இந்தியாவிலும் இலங்கையிலும் இயற்கையாக வளர்கிறது.

நம் பக்கத்தில் இதன் இடம் செம்மண் மேடுகளும் கடலோர உலர் பசுமைமாறாக் காடும். அந்தக் காட்டில் மிச்சம் இருப்பது பெரும்பாலும் கோயில் காடுகள்தான். புதுச்சேரிக்கு வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரம் கீழ்ப்புத்துப்பட்டு மஞ்சனீஸ்வரர் அய்யனார் கோயில் காடு, கடலூர்ப் பக்கம் திருமாணிக்குழி, குழந்தைக்குப்பம், அரசடிக்குப்பம் என்று சில திட்டுகள். சுற்றியிருந்த புதர்க்காடு முந்திரித் தோப்பாகவும் தைல மரத் தோப்பாகவும், இப்போது வீட்டு மனைகளாகவும் ஆகிவிட்டது. வேலியோரச் செடிகளுக்கு வேலியே இல்லாமல் போயிற்று. கம்பியும் கல்தூணும் வந்துவிட்டன.

உங்களுக்கு வேறு ஒரு புதர்மீது அக்கறை இருக்கலாம். முறை ஒன்றேதான். ஆனால் முதல் கேள்வியைத் தாண்டாமல் அடுத்ததற்குப் போகாதீர்கள்.

முதல் கேள்வி: இந்த விதை உலர்த்தலைத் தாங்குமா?

எல்லா விதையும் ஜாடிக்குள் போகாது. நாவல் கொட்டையையும் இலுப்பைக் கொட்டையையும் காயவைத்துப் பாருங்கள், முளைக்காது. அவை ஈரத்தோடு விழுந்து, ஈரத்தோடு முளைக்கிற வகை. உலர்த்தினால் முளைக்கரு செத்துவிடும். குடம்புளியின் குடும்பத்திலும் பல இப்படித்தான். வேம்பு இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: ஓரளவு உலர்வைத் தாங்கும், கடுங்குளிர் ஒத்துக்கொள்ளாது. பசுமைமாறாக் காடு என்பதால் நம் கோயில் காடுகளில் சதைப்பழமும் பெரிய ஈரக் கொட்டையும் உள்ள இனங்கள் நிறைய உண்டு. அவற்றுக்கு ஜாடி உதவாது; பழுத்த உடனே நாற்று போட்டு, உயிருள்ள தாய்ச்செடிகளாக நான்கைந்து இடங்களில் வளர்ப்பதுதான் வழி.

பயறு குடும்ப விதைகளில் பெரும்பாலானவை உலர்த்தலை நன்றாகத் தாங்கும். இதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1793இல் சீனாவில் சேகரித்த பட்டு வாகை விதைகள் லண்டன் அருங்காட்சியகத்தில் கிடந்தன. 1940இல் குண்டு வீச்சில் பிடித்த தீயை அணைக்கத் தண்ணீர் அடித்தபோது, 147 வருடம் கழித்து அவை முளைத்துக் கிளம்பின. நம் ஊர் வாகைக்கு அது நெருங்கிய சொந்தம்.

அதற்காகக் குடும்பப் பெயரை மட்டும் நம்பி இருக்கிற விதையை எல்லாம் உலர்த்திவிடக் கூடாது. முதல் வருடம் ஒரு சிறு சோதனை செய்யுங்கள். 75 விதை எடுத்து மூன்று பங்காக்குங்கள். 25ஐ அன்றே முளைக்கப் போடுங்கள். 25ஐ, ஈரத்தை உறிஞ்சும் மணிகளான சிலிக்கா ஜெல்லோடு ஜாடியில் உலர்த்துங்கள். மிச்சம் 25ஐ லேசாக ஈரப்படுத்திய தேங்காய் நார்த்தூளில் அதே காலத்துக்கு வைத்திருங்கள். பிறகு இரண்டையும் முளைக்கப் போட்டு ஒப்பிடுங்கள். உலர்த்தியது முதல் பங்கைப் போலவே முளைத்தால் வங்கிக்குத் தகுதி. நார்த்தூளில் இருந்தது பிழைத்து, உலர்ந்தது செத்தால் அது நாவல் கூட்டம். இரண்டுமே செத்தால் சேகரித்ததிலேயே கோளாறு. பெரும்பாலும் காய் முற்றியிருக்காது. விதை மிகக் குறைவு என்றால் பங்குக்கு பத்து போதும்.

அனுமதியும் அடையாளமும்

கோயில் காட்டில் ஒரு குச்சியைக்கூட வெளியே எடுக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு பல ஊர்களில் உண்டு. அந்தக் கட்டுப்பாட்டால்தான் அந்தக் காடே மிஞ்சியது. பூசாரியிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் எதற்கு, எவ்வளவு என்று சொல்லிக் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். தனியார் நிலம் என்றால் உரியவரிடமும், காப்புக்காடு என்றால் வனத்துறையிடமும் முன் அனுமதி வேண்டும். 2002ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டப்படி உள்ளாட்சி அளவில் பல்லுயிர் மேலாண்மைக் குழுக்கள் உண்டு. உங்கள் ஊர்க் குழுவுக்குத் தெரியப்படுத்துவது நல்லது.

அடையாளம் சரியா என்பதை விதை எடுக்கும் முன்பே முடித்துவிடுங்கள். எலும்பொட்டி என்ற பெயரிலேயே இன்னொரு ஆர்மோகார்ப்பம் இனமும் கீரையாகத் தோட்டங்களில் வளர்கிறது. பூவும் காயும் உள்ள ஒரு சிறு கிளையைச் செய்தித்தாளுக்கு நடுவே அழுத்திக் காயவைத்து, தேதியும் இடமும் எழுதி, தாவரவியலாளர் ஒருவரிடம் காட்டுங்கள். 1955 முதல் இயங்கும் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் உலர்தாவரத் தொகுப்பு இருக்கிறது. ஆரோவில்லிலும் இந்தக் காட்டுச் செடிகளைப் பல வருடமாக வளர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அழுத்திய கிளையை விதைக் கணக்கோடு சேர்த்தே வைத்திருங்கள். பின்னால் எப்போதாவது பெயர் மாறினாலும் அது சாட்சியாக நிற்கும்.

சேகரிப்பு

இந்தச் செடியின் காய் வெடிக்காது, கணுக்கணுவாக உடைந்து விழும். ஒவ்வொரு துண்டிலும் ஒரு விதை. ஆகவே காலம் தப்பினால் கிளையில் எதுவும் மிஞ்சாது. காய் பச்சை மாறிப் பழுப்பானதும் ஒரு காயை வளைத்துப் பாருங்கள். கணுவில் சட்டென்று முறிந்தால் தயார். வளைந்து கொடுத்தால் இன்னும் ஒரு வாரம் பொறுங்கள். தரையில் கிடப்பதைப் பொறுக்க வேண்டாம். எத்தனை நாள் ஈரத்தில் கிடந்தது, எந்தப் பூச்சி துளைத்தது என்று யாருக்குத் தெரியும்?

அடிக்கடி போய்வர முடியாத இடமென்றால், பூ முடிந்து காய் பிடித்த பிறகு மெல்லிய மல்துணிப் பையைக் கிளையில் தளர்வாகக் கட்டிவிட்டு வரலாம். உதிரும் துண்டுகள் பையில் விழும். பூவின்போதே கட்டினால் தேனீ வராது, காயும் பிடிக்காது.

எவ்வளவு எடுப்பது? அன்றைக்குப் பழுத்திருப்பதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். மிச்சம் அந்த இடத்துக்கே உரியது. 50 செடி வரை கிடைத்தால் அத்தனையிலும் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். அந்தக் கூட்டத்தின் பரவலான மரபுக் குணங்களில் பெரும்பகுதி உங்கள் கைக்கு வந்துவிடும். ஆனால் அரிய செடிக்கு 50 எங்கே கிடைக்கப்போகிறது? ஐந்து செடிதான் இருந்தால் ஐந்திலும் எடுங்கள். நிறையக் காய்த்த ஒரே செடியை மொட்டையடித்துவிட்டு ஆயிரம் விதை சேர்த்தேன் என்று சொல்வதில் பெருமை இல்லை, அது ஒரே தாயின் பிள்ளைகள். ஒவ்வொரு தாய்ச்செடியின் விதையையும் தனித்தனி காகித உறையில் போடுங்கள். வீட்டுக்கு வந்து கலப்பது எளிது, பிரிப்பது முடியாது.

காகிதம் அல்லது பருத்திப் பை மட்டும். பாலித்தீன் கவரில் போட்டு வண்டிப் பெட்டியில் வெயிலில் வைத்தால் சாயங்காலத்துக்குள் வெந்துவிடும்.

உறைமேல் அங்கேயே பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஈரத்தில் ஊறி ஓடும். தேதி, ஊர், ஜிபிஎஸ் அளவு, மண், பக்கத்தில் நின்ற செடிகள், மொத்தம் எத்தனை செடி இருந்தது, எத்தனையில் எடுத்தீர்கள். எத்தனை செடி இருந்தது என்பதைத்தான் எல்லோரும் எழுத மறக்கிறார்கள். இன்னும் பத்து வருடத்தில் மிகவும் பயன்படப்போவது அந்த எண்தான். ஜிபிஎஸ் அளவை முகநூலிலும் வாட்ஸ்அப் குழுவிலும் போட வேண்டாம். மருந்துக்கு விலைபோகும் செடி இது. நல்லெண்ணத்தில் போட்ட படத்தை வைத்தே வந்து வேரோடு பிடுங்கிவிடுவார்கள்.

சுத்தம் செய்தல், அறுத்துப் பார்த்தல்

காய்த்துண்டுகளை இரண்டு நாள் நிழலில் உலர்த்தி, கையால் மெல்லக் கசக்கி, முறத்தில் புடைத்தால் தோல் பறந்துவிடும். பிசுபிசுப்பு இருந்தால் கொஞ்சம் காய்ந்த மணலோடு தேய்த்துச் சலியுங்கள். உரலில் போடாதீர்கள். விதைத்தோலில் விழும் நுண்ணிய விரிசல் கண்ணுக்குத் தெரியாது, ஆயுளை மட்டும் குறைக்கும்.

பத்து விதையைப் பிளேடால் குறுக்கே அறுத்துப் பாருங்கள். உள்ளே வெளிர் நிறத்தில் கெட்டியாக நிறைந்திருந்தால் நல்லது. சுருங்கிய தோல், பொடி, புழு என்றால் அந்த விகிதத்தைக் கணக்கில் எழுதுங்கள். பயறு விதையென்றால் வண்டு வராமல் இருக்காது. துளை விழுந்ததைக் களைந்துவிடுங்கள். முட்டையாக ஒளிந்திருப்பதற்கு மருந்து வேண்டாம். நன்றாக உலர்த்திய பின் ஃப்ரீசரில் சில வாரம் இருந்தால் அதுவும் செத்துவிடும். உலர்த்தும் முன் ஃப்ரீசரில் வைத்தால் வண்டோடு விதையும் சாகும்.

உலர்த்துதல்

இங்கேதான் நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பாட்டிமார் துவரைக்கும் உளுந்துக்கும் செம்மண் பூசி வெயிலில் காயவைத்தார்கள். சுரைக்குடுக்கையில் விதை போட்டு அடுப்புக்கு மேலே கட்டினார்கள். அமாவாசைக்கு அமாவாசை எடுத்து வெயில் காட்டினார்கள். எல்லாம் ஈரத்தோடு நடந்த சண்டைதான். அடுத்த பட்டம் வரை விதையைக் கொண்டுசேர்க்க அது போதும். இருபது, முப்பது வருடத்துக்குப் போதாது. காரணம் எளிது: வெயிலில் காய்ந்த விதை ராத்திரிக் கடற்காற்றில் திரும்ப ஈரம் வாங்கிவிடும்.

விதை ஆராய்ச்சியில் பழைய கைக்கணக்கு ஒன்று உண்டு. விதையின் ஈரம் ஒரு சதவீதம் குறையக் குறைய ஆயுள் இரட்டிக்கும். வெப்பம் 5 டிகிரி குறையக் குறைய இன்னொரு முறை இரட்டிக்கும். தோராயக் கணக்குதான், ரொம்ப ஈரத்திலும் ரொம்ப உலர்விலும் பொருந்தாது. ஆனாலும் எங்கே பணத்தைப் போட வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறது. 12 சதவீத ஈரத்தை 6 ஆக்குவதற்குச் சில நூறு ரூபாய் சிலிக்கா ஜெல் போதும். அதே பலனைக் குளிரால் மட்டும் வாங்க வேண்டுமென்றால் 30 டிகிரி இறக்க வேண்டும்.

முதலில் நிழலில், மின்விசிறிக் காற்றில், மெல்லிய அடுக்காகப் பரப்பி மூன்று நாள். ஆனி, ஆடியில் மேல்காற்று அடிக்கிற நாட்களில் கடற்காற்று வர நேரமாகும். அந்த நண்பகல்தான் நமக்கு வருடத்திலேயே உலர்ந்த பொழுது. மழைக்காலத்தில் கிடைத்த விதையென்றால் பரப்பிக்கொண்டிருக்காமல் நேரே ஜாடிக்குப் போங்கள்.

ரப்பர் வளையம் உள்ள கண்ணாடி ஜாடி ஒன்று. அடியில் விதையின் எடைக்குச் சம எடை சிலிக்கா ஜெல். விதை மல்துணிப் பையில். நிறம் மாறும் ஜெல்லில் ஆரஞ்சு வகையை வாங்குங்கள். நீல வகையில் கோபால்ட் உப்பு இருக்கிறது, கையில் புழங்க உகந்ததல்ல. நிறம் மாறினதும் எடுத்து, ஓவனில் 110 முதல் 120 டிகிரியில் சில மணிநேரம் வைத்தால் பழைய நிறத்துக்கு வந்துவிடும். ஜெல் கிடைக்கவில்லையென்றால் வாணலியில் நன்றாக வறுத்து, மூடி ஆறவைத்த அரிசியோ, சூடு காட்டி ஆறவைத்த அடுப்புக்கரியோ உதவும். கரி என்றால் விதையைப்போல் மூன்று பங்கு வேண்டும். இரண்டுமே சிலிக்கா அளவுக்கு இழுக்காது, அடிக்கடி மாற்ற வேண்டும்.

எப்போது போதும்? இதைத் தெரிந்துகொள்ள ஒரு சிறிய டிஜிட்டல் ஈரப்பதமானி வாங்குங்கள். விலை சில நூறு ரூபாய். அதை நம்புவதற்கு முன் ஒரு சோதனை: மூடியில் கொஞ்சம் உப்பைத் தண்ணீர் விட்டுக் களியாக்கி, ஈரப்பதமானியோடு சின்ன டப்பாவில் அடைத்து எட்டு மணிநேரம் வைத்தால் 75 காட்ட வேண்டும். 80 காட்டினால் ஐந்து அதிகமாகக் காட்டுகிறது என்று அதன் முதுகிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். பிறகு ஜெல் இல்லாத வெறும் ஜாடியில் விதையை முக்கால் பங்கு நிரப்பி, ஈரப்பதமானியையும் உள்ளே வைத்து மூடி ஒரு நாள் விடுங்கள். விதை கொஞ்சம்தான் என்றால் அதற்கேற்ற சின்னப் புட்டியாக எடுங்கள். அது காட்டும் எண் விதையைச் சுற்றியுள்ள காற்றின் ஈரப்பதம்; மேலே சொன்ன 12, 6 போன்ற விதை ஈரச் சதவீதம் அல்ல, ஆனால் அதோடு சேர்ந்தே ஏறி இறங்கும். 30க்குக் கீழே வந்தால் ஃப்ரீசருக்குப் போகலாம். 15 முதல் 25க்குள் நின்றால் மிக நல்லது. அதற்கும் கீழே துரத்த வேண்டாம். சிறு விதைக்கு ஒன்றிரண்டு வாரம், தோல் கெட்டியான விதைக்கு இன்னும் கூடுதலாக ஆகும்.

தராசு நல்லதாக இருந்தால் இன்னொரு வழி. 12 சதவீத ஈரமுள்ள 100 கிராம் விதையை 6 சதவீதத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்றால், 100ஐ 88ஆல் பெருக்கி 94ஆல் வகுங்கள்: 93.6 கிராம். எடை அங்கே வந்ததும் நிறுத்துங்கள். ஆனால் தொடக்க ஈரம் தெரிந்திருந்தால்தான் இது ஆகும். ஆகவே என் ஓட்டு ஈரப்பதமானிக்கு.

அடைத்தல், வைத்தல்

ஜிப் பை காற்றைத் தடுக்காது, சில மாதத்தில் ஈரம் ஊடுருவிவிடும். அலுமினியப் பூச்சுள்ள மூன்றடுக்குப் பையை வெப்பத்தில் ஒட்டுவது நல்லது. இல்லையென்றால் ரப்பர் வளையமுள்ள கண்ணாடிக் குப்பி. ஒரே பெரிய பையாக வேண்டாம். 1,000 விதை இருந்தால் தாய்ச்செடிவாரியாக, 50 அல்லது 100 கொண்ட சிறு பொட்டலங்கள். ஒன்றைத் திறந்தால் மற்றவை தொடப்படாமல் இருக்கும். லேபிள் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று.

பெரிய மரபணு வங்கிகள் மைனஸ் 18 டிகிரியில் வைக்கின்றன. வீட்டு ஃப்ரீசரும் கிட்டத்தட்ட அந்தக் குளிரைக் கொடுக்கும். ஃப்ரீசர் இல்லாதவர்கள் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைக்கலாம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூரை அடித்தபோது பல ஊர்களில் மின்சாரம் திரும்ப நாள் கணக்கில் ஆனது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையேறியபோது தெருவெல்லாம் வெள்ளம். நன்றாக உலர்ந்து அடைபட்ட விதைக்குச் சில நாள் மின்வெட்டு ஒரு பொருட்டே இல்லை. ஈர விதைக்கு அதுவே முடிவு. வெள்ளத்துக்கோ வழி வேறு: சேமிப்பில் பாதியைக் கடலிலிருந்து தள்ளி, விருத்தாசலத்திலோ திண்டிவனத்திலோ நம்பிக்கையானவர் வீட்டில் வையுங்கள். கணக்கு நோட்டின் நகலும் அங்கே இருக்கட்டும்.

ஃப்ரீசரிலிருந்து எடுத்த பொட்டலத்தை உடனே திறக்காதீர்கள். அறை வெப்பத்துக்கு வர ராத்திரி முழுக்க விட்டுவிட்டுக் காலையில் திறங்கள். குளிர்ந்த விதைமேல் நம் ஊர்க் காற்று பட்டால் நீர் முத்துமுத்தாகப் படியும். அத்தனை நாள் உலர்த்தியதும் வீண்.

முளைப்புச் சோதனை

வங்கியில் வைக்கும் முன்பு ஒரு முறை, அப்புறம் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை. 50 விதை போதும். கையிருப்பு குறைவென்றால் 20. ஈரமான காகிதத்தில் சுருட்டி, மூடிய டப்பாவில் நிழலில் வைத்து முப்பது நாள் கணக்கெடுங்கள்.

தோல் கெட்டியான பயறு விதை தண்ணீரையே உள்ளே விடாமல் கல்லாகக் கிடக்கும். அதைச் செத்தது என்று எறிந்துவிட வாய்ப்பு அதிகம். விதை காயோடு ஒட்டியிருந்த தழும்புக்கு எதிர்ப்பக்கம் நகவெட்டியால் ஒரு சிறு கீறல் போடுங்கள். ராத்திரி ஊறினால் உப்பிவிடும். நிறைய விதைக்கு, கொதித்து இறக்கிய தண்ணீரில் போட்டு அப்படியே ஆறவிடலாம். முதலில் ஐந்தாறு விதையில் பார்த்துவிட்டு மற்றதைப் போடுங்கள். வங்கிக்குப் போகும் விதையில் கீறல் போடக் கூடாது.

முதல் சோதனையில் 80 சதவீதம் முளைத்து, பின்னொரு சோதனையில் 68க்குக் கீழே போனால் காத்திருக்காதீர்கள். பெரிய வங்கிகளும் தொடக்க முளைப்பில் 85 சதவீதம் என்ற இந்த அளவில்தான் புது விதை எடுக்க முடிவு செய்கின்றன. இருப்பதை விதைத்துச் செடியாக்கி, அதிலிருந்து புது விதை சேர்க்க வேண்டும்.

திரும்ப மண்ணுக்கு

ஜாடியில் இருக்கிற விதையைத் தேனீக்குத் தெரியாது, கட்டுப்போடும் வைத்தியருக்கும் உதவாது. என்னைக் கேட்டால், சேகரித்த வருடமே ஒரு பங்கை நாற்றாக்கிவிடுவேன். செம்மண், மணல், மக்கிய தொழு உரம் சேர்த்த பையில் மாசி, பங்குனியில் விதைத்தால் மழைக்குள் ஒரு முழம் வந்துவிடும். ஐப்பசியில் முதல் நல்ல மழைக்குப் பிறகு நடுங்கள். வடகிழக்குப் பருவமழை முழுதும் வேருக்குக் கிடைக்கும். முதல் கோடை மட்டும் வாரம் ஒரு குடம் தண்ணீர், ஆட்டுக்கு எதிராக முள் அடைப்பு. இரண்டாம் வருடம் பெரும்பாலும் அதுவே பார்த்துக்கொள்ளும்.

எங்கே எடுத்ததோ அதற்குப் பக்கத்திலேயே நடுங்கள். கடலூர்ப் பக்கத்துக் கேப்பர் மலைச் செடியின் பிள்ளையை கேப்பர் மலைச் செம்மண்ணிலேயே வைப்பதுதான் முறை. வேறு வேறு தாய்களின் பிள்ளைகளை அருகருகே கலந்து நட்டால் மகரந்தம் மாறி, அடுத்த தலைமுறை விதை கெட்டியாக வரும். பள்ளிக்கூட வேலி, கோயில் நந்தவனம், தோப்பு வரப்பு, எது கிடைத்தாலும் சரி. நட்ட ஒவ்வொரு செடிக்கும் எந்தப் பொட்டலத்தின் எண் என்று நோட்டில் எழுதுங்கள். அது காய்த்ததும் அதன் விதையைப் பழையதோடு கலக்காமல், புது எண் போட்டு, மறுபடியும் ஈரப்பதமானி 30க்குக் கீழே இறங்கும் வரை சிலிக்காவோடு மூடி வையுங்கள்.